ஐந்து கட்டையில் ஒரு தீர்மானம்

மாநில இசையாசிரியர் பேரவையில் கையைத் தூக்கி ஓட்டுப் போடும் வழக்கம் கிடையாது. கையைத் தூக்குவது கட்சிக்காரர்கள் வேலை, நாதத்தை உபாசிப்பவர்களுக்கு நாவே வாக்குச் சீட்டு என்று பேரவையைத் தொடங்கியவர் விதிப் புத்தகத்தில் எழுதி வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். நடுவில் ஒரே ஒரு வருஷம் கையைத் தூக்கிப் பார்த்தார்கள். செயலாளர் எண்ணிக்கொண்டிருக்கும்போதே பின்வரிசையில் யாரோ முணுமுணுத்த பாட்டுக்கு அத்தனை கைகளும் தொடையில் இறங்கி ஆதி தாளம் போட ஆரம்பித்துவிட்டன. மூன்று முறை எண்ணியதில் மூன்று விடை வந்தது. அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்கள்.

ஆகவே ஓட்டு என்றால் பாட்டுதான். தீர்மானத்தை ஏற்பவர்கள் ‘ஏற்றோம்’ என்று ஸட்ஜத்தில் ஆரம்பித்து, பஞ்சமம் தொட்டு, மேல் ஸட்ஜத்தில் போய் நிற்க வேண்டும். எதிர்ப்பவர்கள் ‘மறுத்தோம்’ என்று நேராக மேல் ஸட்ஜத்தைப் பிடித்து அதே வழியில் கீழே வர வேண்டும். மாடிப்படி ஏறினால் ஏற்றோம், மாடியிலிருந்து இறங்கினால் மறுத்தோம் என்று வைத்துக்கொண்டால் சங்கீதம் தெரியாதவர்களுக்கும் விளங்கிவிடும். எந்தப் பக்கம் சத்தம் அதிகமோ அந்தப் பக்கம் ஜெயம்.

இந்த முறையில் ஜோதிலட்சுமி ஆறு வருஷமாகத் தோற்றுக்கொண்டிருந்தாள்.

அவள் கும்மிடிப்பூண்டிப் பக்கம் அரசுப் பள்ளியில் பாட்டு டீச்சர். பள்ளியில் என்று ஒருமையில் சொல்வது பிழை. திங்களும் செவ்வாயும் கவரப்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளி, புதனும் வியாழனும் சிப்காட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளி, வெள்ளிக்கிழமை எளாவூர் தாண்டி ஒரு பள்ளி. மூன்று பள்ளிக்கு ஒரு பாட்டு டீச்சர் போதும் என்று எங்கேயோ ஒரு காகிதத்தில் யாரோ கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மூன்று வருகைப் பதிவேடு, மூன்று தலைமையாசிரியர், மூன்று இடத்திலும் “இன்னா டீச்சர், லீவு முடிஞ்சு வந்துட்டீங்களா” என்ற ஒரே விசாரிப்பு. எட்டாம் வகுப்பு ஏஞ்சல் ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டாள்: “டீச்சர், நீங்க எங்க ஸ்கூல் டீச்சரா, இல்ல விருந்தாளியா?”

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் ‘ஓர் ஆசிரியர், ஒரு பள்ளி’ என்ற தீர்மானத்தை ஜோதிலட்சுமி எழுதினாள். ஒவ்வொரு மாநாட்டிலும் அதை முதல் தீர்மானமாக வைக்கச் சொல்வாள். ஒவ்வொரு மாநாட்டிலும் அது இருபத்திரண்டாவதாகவோ இருபத்து மூன்றாவதாகவோ போய் உட்காரும். ஏனென்றால் முதல் தீர்மானம் எது என்று ஓட்டு எடுத்தால் எப்போதும் ஜெயிப்பது தலைவர் வீரராகவனுடையது.

திருவள்ளூர்க்காரரான வீரராகவன் பத்தொன்பது வருஷமாகப் பேரவைத் தலைவர். வருகிற மே மாதம் பணி ஓய்வு. அவருடைய தீர்மானமும் பத்தொன்பது வருஷமாக ஒன்றேதான்: ‘இசை ஆசிரியர்’ என்ற பதவிப் பெயரை ‘இசைப் பேராசான்’ என்று மாற்ற வேண்டும், அந்தப் பெயரைப் பித்தளையில் பொறித்துப் பள்ளி வாசலில் மாட்ட வேண்டும். பலகையின் நீள அகலம்கூடத் தீர்மானத்தில் உண்டு. வீட்டு வாசலில் அவர் ஏற்கெனவே ஒன்று மாட்டிவிட்டார். அரசாங்கம்தான் பின்தங்கியிருந்தது.

போன வருஷம் திருவள்ளூர் மாநாடு முடிந்து திரும்பும்போது, பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஆரோக்கியமேரி உம்மென்று உட்கார்ந்திருந்தாள். அவளும் பாட்டு டீச்சர், அவளுக்கும் மூன்று பள்ளி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடகர் குழுவை நடத்துகிறவள். அவள் வாயைத் திறந்தால் ஆலய மணி அடிக்கிற ஆள் கயிற்றை விட்டுவிட்டு நிற்பான் என்று சொல்வார்கள்.

“நானூறு பேருல பொம்பளைங்க மட்டும் இருநூத்தி எம்பது பேருக்கா” என்றாள் ஆரோக்கியமேரி. “அத்தினி பேருக்கும் மூணு ஸ்கூலு. காலைல நாஷ்டா துண்றப்போ எல்லாரும் உனக்குத்தான்னு தலைய ஆட்னாளுங்க. தீர்மானம்னு வந்தா ஒருத்தி வாயத் தொறக்கல. எல்லாம் வேஷம்.”

“நீ தொறந்தியா?”

“தொறந்தேனே.”

“எனக்குக் கேக்கலியே மேரி.”

“ஏன், நீ பாடுனது மட்டும் எனக்குக் கேட்டுச்சா? நீயே சும்மா இருந்துட்டன்னுதான் நெனச்சிகினு வரேன்.”

இருவரும் சற்று நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்குத் தமிழ்நாட்டின் பல திசைகளில் ஓடிய பஸ்களில் இப்படிப் பல ஜோடிகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போயிருக்க வேண்டும்.

விடை சிப்காட்டுக்குப் பின்னால் இருந்தது.

அந்தப் பள்ளியின் மதில் சுவரை ஒட்டி ஒரு வார்ப்பட ஃபாக்டரி. அதன் ஊதுகாற்று மெஷின் காலை முதல் மாலை வரை ஒரே சீராக உறுமும். அந்த உறுமலின் சுருதி சுத்தமான இரண்டு கட்டை. ஜோதிலட்சுமி அளந்தே பார்த்திருக்கிறாள். குழந்தைகளுக்கு அவள் ஐந்து கட்டையில் பாட்டு எடுத்துக் கொடுப்பாள். இரண்டாவது வரிக்குள் வகுப்பு முழுக்க மெஷினோடு போய்ச் சேர்ந்துவிடும். அதில் மேல் ஸ்தாயி எட்டாது, கீழ் ஸ்தாயி ஒலிக்காது. பாதி வகுப்பு கீச்சிடும், பாதி வகுப்பு முனகும், மிச்சம் வாயை மட்டும் அசைக்கும். “உள்ளேன் டீச்சர்” என்று சொல்வதுகூட இரண்டு கட்டையில்தான் வரும். இந்தக் குழந்தைகளுக்குக் குரலே இல்லை என்று அவளே இரண்டு வருஷம் நம்பியிருந்தாள்.

ஒரு வியாழக்கிழமை ஃபாக்டரியில் மெஷினைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். அன்றைக்கு அதே வகுப்பு அதே பாட்டைப் பாடியதில் பக்கத்து வகுப்பு கணக்கு வாத்தியார் சாக்பீஸோடு வந்து வாசலில் நின்றார். “யாரு டீச்சர், வெளியிலேர்ந்து கூட்டியாந்தீங்களா?”

ஜோதிலட்சுமியின் மனசு திருவள்ளூர் மாநாட்டு மேடைக்குப் போயிருந்தது. மேடை நடுவில் பட்டுத்துணி விரித்து அதன் மேல் ஒரு எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டி. மாநாடு தொடங்கும்போது போடுவார்கள், மங்களம் பாடும்வரை நிறுத்த மாட்டார்கள். உரை நடக்கும்போதும், பொன்னாடை போர்த்தும்போதும், தீர்மானத்தின்போதும் அது மைக்குக்கு முன்னால் ரீங்கரித்துக்கொண்டே இருக்கும். ஒரு கட்டையில். வீரராகவனின் தொண்டை ஒரு கட்டை.

கட்டை என்பது பாடுகிறவர்களுக்குச் செருப்பளவு மாதிரி. ஆண்களுக்குப் பொதுவாக ஒரு கட்டை, பெண்களுக்கு ஐந்து. ஒரு கட்டைச் சுருதியில் ‘மறுத்தோம்’ என்று எடுத்த எடுப்பில் மேல் ஸட்ஜத்தைப் பிடிக்க வேண்டுமானால், பெண் குரல் முன்னேற்பாடு ஏதுமில்லாமல் மொட்டை மாடிக்கு ஒரே தாவாகத் தாவ வேண்டும். வருஷம் முழுக்க மூன்று பள்ளியில் கத்தித் தேய்ந்த தொண்டை அது. தாவினால் குரல் பிசிறும். சுற்றிலும் நானூறு பாட்டு வாத்தியார்கள். அவர்கள் காதில் அபஸ்வரம் விழுவதைவிட ஆயுசுக்கும் மூன்று பள்ளிக்கு நடக்கலாம். ஆகவே ஒவ்வொருத்தியும், மற்றவர்கள் பாடிக்கொள்வார்கள் என்று நம்பி, தான் மட்டும் முணுமுணுத்தாள். இருநூற்றெண்பது முணுமுணுப்பைத் தலைவர் கை குவித்துக் கேட்டுவிட்டு, “எதிர்ப்பு ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை” என்பார்.

ஆண்களிலும் மூன்று பள்ளிக்காரர்கள் உண்டு. ஆனால் ஒரு கட்டையில் மேல் ஸட்ஜம் கணீரென்று நிற்கிற சுகத்தை விட மனமில்லாமல் அவர்கள் எல்லாவற்றுக்கும் ஏற்றோம் போட்டுவந்தார்கள்.

அன்று மதியம் சாப்பாட்டு வேளையில் ஜோதிலட்சுமி பேரவையின் விதிப் புத்தகத்தைப் பிரித்தாள். பதினான்காம் விதி இப்படி இருந்தது: ‘மாநாட்டின் தொடக்கப் பாடலைப் பாடுபவரின் சுருதியே அன்றைய சங்கச் சுருதி. மங்களம் வரை அதை மாற்றுதல் கூடாது.’ தலைவரின் சுருதி என்று எங்கேயும் இல்லை. தொடக்கப் பாடலைப் பத்தொன்பது வருஷமாகத் தலைவரே பாடிவந்தார், அவ்வளவுதான்.

அவள் டிபன் பாக்ஸை மூடிவிட்டு ஆரோக்கியமேரிக்குப் போன் போட்டாள்.

“மேரி, அன்னிக்கி பஸ்ல நீ சொன்னது உண்மைதான். நீ பாடித்தான் இருக்கிற.”

“இத சொல்றதுக்கு எட்டு மாசமா?”

“நானும் பாடித்தான் இருக்கேன்.”

இந்த வருஷம் மாநாடு மறுபடி திருவள்ளூரில். வரவேற்புக் குழுப் பொறுப்பை யாரும் கேட்டு வாங்குவதில்லை. மண்டபம், சாப்பாடு, பந்தல், வரவேற்பு வளைவு என்று அலைய வேண்டியிருக்கும். ஜோதிலட்சுமி கேட்டு வாங்கினாள். இந்த வருஷத்துக்கு ஓர் அவசரமும் இருந்தது. சிறப்பு விருந்தினராக வரச் சம்மதித்த கல்வித்துறை அதிகாரி, போனிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்: “இருபத்தேழு தீர்மானத்தையும் என்கிட்ட குடுக்காதீங்க. முதல் தீர்மானம் எதுவோ அதை மட்டும் கையோட எடுத்துட்டுப் போறேன், இந்த மாசமே ஃபைல் போடறேன். மிச்சத்தைத் தபால்ல அனுப்புங்க.” தபாலில் போன தீர்மானங்களின் கதி பேரவைக்குத் தெரியும். முதலிடம் கிடைத்தால் ஒரு பள்ளி, கிடைக்காவிட்டால் மூன்று பள்ளி. அவ்வளவுதான் கணக்கு.

இந்தச் சேதி வீரராகவனுக்கும் போயிருந்தது. ஜோதிலட்சுமி அவர் வீட்டுக்குப் போனபோது பித்தளைப் பலகை புளி போட்டுத் தேய்த்துப் பளபளத்தது. உள்ளே தலைவர், செயலாளர் பரசுராமனுக்கு வரவேற்பு வளைவில் தன் படம் எந்தப் பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். பரசுராமன் தலையாட்டிக்கொண்டிருந்தார். பேரவையில் அவருக்கு இரண்டு வேலை. ஒன்று தலையாட்டுவது, மற்றது சுருதிப் பெட்டியைப் பார்த்துக்கொள்வது.

“வாம்மா ஜோதி டீச்சர். ஏற்பாடெல்லாம் இன்னா ஆவுது?”

“எல்லாம் ஆச்சு சார். ஒண்ணே ஒண்ணுதான் மனசுக்கு ஒப்பல. அத உங்ககிட்ட எப்பிடி சொல்றதுன்னு தெரியல.”

“சொல்லும்மா.”

“நீங்க ஓய்வு பெறப்போற வருஷம். நம்ம ஊர்லயே மாநாடு. எல்லாருக்கும் முன்னாடி வந்து, மேடைல நின்னு, நீங்களே தொடக்கப் பாட்டு பாடி, அப்புறம் நீங்களே உக்காந்துக்கினு... பாத்தா சின்னதா இருக்கு சார். பெரியவங்க யாராச்சும் தொடக்கப் பாட்டுக்கு முன்னாடி வருவாங்களா? பாட்டு முடிஞ்சி, சபை கூடி, எல்லாரும் வாசலப் பாத்துக்கினு இருக்கறப்போதான வருவாங்க.”

வீரராகவன் பரசுராமனைப் பார்த்தார். பரசுராமன் தலையாட்டினார்.

“தேரடிலேர்ந்து மண்டபம் வரைக்கும் நாதஸ்வரம், தவில் சொல்லிட்டேன் சார்” என்றாள் ஜோதிலட்சுமி. “வாசல்ல பூரண கும்பம். முப்பத்தெட்டு மாவட்டத்துக்கும் ஆளுக்கொரு மாலை. கொடை ஒண்ணு. வெள்ளக் கொடை.”

“குடையா?” வீரராகவனின் குரல் அரைக் கட்டை இறங்கியது.

“ஜரிகை வெச்சது. அத புடிக்கறதுக்கு மட்டும் கண்டவங்கள விட முடியாது சார். செயலாளர்தான் புடிக்கணும். முறைன்னு ஒண்ணு இருக்குதில்ல.”

பரசுராமன் முதல்முறையாகத் தலையாட்டாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அப்ப தொடக்கப் பாட்டு?” என்றார் வீரராகவன்.

“நீங்களே சொல்லுங்க சார், யாரு பாடலாம்னு.”

அவர் கையை லேசாக வீசினார். “யாராச்சும் ஒரு பொம்பள டீச்சர் பாடிடட்டும். நீதான் வரவேற்புக் குழு, நீயே பாடிடேன். சுருக்கமா முடிச்சிடு. நான் வாசல்ல நிக்க வேண்டியிருக்கும்.”

“சரிங்க சார்” என்றாள் ஜோதிலட்சுமி. சம்மதித்த முகத்தில் வேறெதுவும் தெரியவில்லை. மூன்று தலைமையாசிரியர்களிடம் வேலை பார்ப்பவளுக்கு அது வராமல் இருக்குமா.

மாநாட்டன்று காலை ஒன்பதரைக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. பரசுராமன் வழக்கம்போலப் பட்டுத்துணியை விரித்து, பெட்டியை வைத்து, குமிழை ஒரு கட்டையில் நிறுத்தி, ஒருமுறை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, குடையைத் தேடி ஓடினார். ஒன்பதே முக்காலுக்கு ஜோதிலட்சுமி மேடையேறினாள். குமிழைத் திருப்பினாள். மண்டபத்தின் ரீங்காரம் ஒன்றிலிருந்து ஐந்துக்கு ஏறி நின்றது.

முன்வரிசையில் கைப்பையைத் துழாவிக்கொண்டிருந்த ஒரு டீச்சர் நிமிர்ந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. எதற்கு நிமிர்ந்தோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. இறுக்கிய செருப்பை யாரோ மேஜைக்கடியில் கழற்றிவிட்டாற்போல இருந்தது. ஜோதிலட்சுமி பாடினாள். சுருக்கமாக இல்லை. பல்லவிக்கு முன்னால் மேல் ஸட்ஜத்தைத் தொட்டு நின்று, அது எங்கே இருக்கிறது என்று சபைக்குக் காட்டிவிட்டுத்தான் பாட்டுக்கே போனாள்.

ஆரோக்கியமேரி வரிசை வரிசையாகப் போய்க் குனிந்து தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வரிசையிலும் ஒரே வாக்கியம்தான். “வெந்நீர்தான் டீச்சர், தொண்டைய நனச்சிக்கோங்க. இன்னிக்கி வேல இருக்கு.”

பத்தேகாலுக்குத் தலைவர் வந்தார். முன்னால் நாதஸ்வரம், இரண்டு பக்கமும் தவில், தலைக்கு மேல் ஜரிகைக் குடை, குடைக்கடியில் முப்பத்தெட்டு மாலை, மாலைகளுக்கு நடுவே எங்கேயோ வீரராகவன். குடை வாசல் நிலையில் இடித்தது. பரசுராமன் அதைச் சாய்த்ததில் சாமந்தி இதழெல்லாம் கும்பத்தில் கொட்டியது. சபை எழுந்து நின்று கைதட்டியது. தலைவர் மேடையேறி மாலைகளைக் கழற்றவே ஏழு நிமிஷம் ஆயிற்று. பெட்டி ரீங்கரித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அவர் காதுக்குள் இன்னும் தவில் இருந்தது. அது போக, அந்த மேடையில் பத்தொன்பது வருஷமாகத் தன் குரலைத் தவிர வேறெதையும் கேட்கிற பழக்கம் அவருக்கு விட்டுப்போயிருந்தது.

அவருடைய தலைமையுரை நாற்பது நிமிஷம் ஓடியது. “இதோ ஒலிக்கிறதே இந்தச் சுருதி” என்று பெட்டியைச் சுட்டிக்காட்டினார். “இது வெறும் கருவியின் ஒலி அல்ல, பேரவையின் மூச்சு. மங்களம் பாடும்வரை இதன்மேல் ஒரு விரல் படக்கூடாது. பட்டால், பட்ட விரல் இந்தப் பேரவையின் விரல் அல்ல.”

பலத்த கைதட்டல். எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவள் ஜோதிலட்சுமி.

பதினோரு மணிக்குக் கல்வித்துறை அதிகாரி வந்து அமர்ந்தார். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார். முதல் தீர்மானம் எது என்ற கட்டம் வந்தது.

வீரராகவன் மைக்கைப் பிடித்தார். பேராசான் தீர்மானத்தை நீள அகலத்தோடு வாசித்தார். “இதையே பேரவையின் முதல் தீர்மானமாக ஏற்பவர்கள் ஏற்றோம் என்க” என்று சொல்லி, வழக்கம்போலத் தாமே மைக்கில் எடுத்துக் கொடுத்தார்.

‘ஏற்’ என்பது நன்றாகவே இருந்தது. ஆனால் வழக்கத்தைவிட நாலு படி உயரத்தில் இருந்தது. அவர் நெற்றி சுருங்கியது. ‘றோ’ என்று பஞ்சமத்துக்குப் போனபோது கழுத்து நரம்பு தெரிந்தது. ‘ம்’ என்று மேல் ஸட்ஜத்துக்குத் தாவியபோது கால் வைக்க அங்கே படி இல்லை. குரல் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி மூக்குக்கும் ஒரு பாதி காதுக்கும் போய், நடுவில் வெறும் காற்று மைக்கில் வந்தது. கீழே ஆண்கள் பகுதியில் நூற்றிருபது தொண்டைகளும் அதே இடத்தில் அதே பாடு பட்டன. பாதிப் பேர் பஞ்சமத்தோடு திரும்பிவிட்டார்கள். சிலர் இருமினார்கள். ஒரே ஒருவர் மட்டும் பொய்க்குரலில் மேலே போய் நின்று, அங்கே தனியாக இருப்பதைப் பார்த்து வெட்கப்பட்டு இறங்கினார்.

பரசுராமன் பெட்டியைக் குனிந்து பார்த்தார். பிறகு தலைவர் காதில் சொன்னார். “தலைவரே, அஞ்சுல இருக்கு.”

“எது?”

“பொட்டி. தொடக்கப் பாட்டு ஜோதி டீச்சர்தான பாடுனாங்க. மாத்தட்டுமா?”

வீரராகவன் பெட்டியைப் பார்த்தார். தன்னுடைய உரையை நினைத்தார். நானூறு பேரும் அந்த விரல் எது என்று பார்க்கக் காத்திருந்தார்கள். பக்கத்தில் கல்வித்துறை அதிகாரி பேனாவோடு காத்திருந்தார். சுருதி எனக்கு எட்டவில்லை என்று ஒரு சங்கீதக்காரர் எந்தச் சபையிலாவது சொன்னதுண்டா. அவர் மேஜைமேல் இருந்த தண்ணீரைக் குடித்தார்.

“எதிர்ப்பவர்கள்” என்றார், “மறுத்தோம் என்க.”

அந்த வார்த்தை முடியுமுன்னே ஆரோக்கியமேரி மேல் ஸட்ஜத்தில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை குரல். அவளோடு கவரப்பேட்டை வந்தது, மதுரை வந்தது, சேலமும் நாகர்கோவிலும் வந்தன. இருநூற்றெண்பது தொண்டைகள், தங்களுக்குச் சொந்தமான உயரத்தில், ஒரு பிசிறு இல்லாமல் மேலே நின்று, பஞ்சமம் தொட்டு, நிதானமாகப் படியிறங்கி ஸட்ஜத்தில் வந்து நின்றன. மேடையில் தண்ணீர் டம்ளர் லேசாக அதிர்ந்தது. வாசலில் தவில்காரர் எட்டிப் பார்த்தார்.

பாடி முடித்த பெண்கள் மேடையைப் பார்க்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பத்தொன்பது வருஷமாகப் பேசாமலிருந்த இரண்டு பேர் நாலாவது வரிசையில் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

“அப்ப நீ சொல்லித்தான் இருந்தியா டீ?”

“நான் எந்த வருஷம்டீ சொல்லாம இருந்தேன்?”

கல்வித்துறை அதிகாரிக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் சத்தம் தெரியும். “இது தெளிவா இருக்கே” என்றார். “அடுத்தது?”

ஜோதிலட்சுமி எழுந்து தன்னுடைய தீர்மானத்தை வாசித்தாள். மூன்று வரிதான். ஓர் ஆசிரியர், ஒரு பள்ளி. ‘ஏற்றோம்’ என்று அவள் எடுக்க வேண்டியிருக்கவில்லை, சபையே எடுத்துக்கொண்டு ஏறியது. இம்முறை ஆண்கள் பகுதியிலிருந்தும் சில குரல்கள் கூட வந்தன, மேல் ஸட்ஜம் வரை இல்லை, முடிந்த மட்டும். மூன்று பள்ளிக்காரர்கள். மேலே போய் ஜொலிக்க வழியில்லை என்று தெரிந்த பிறகுதான் தீர்மானத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்கள் கவனித்திருக்க வேண்டும்.

‘எதிர்ப்பவர்கள்’ என்று தலைவர் கேட்டபோது பெட்டி மட்டும் ரீங்கரித்தது.

அதிகாரி காகிதத்தை வாங்கினார். அங்கேயே வாசித்தார், அது பேரவை வரலாற்றில் முதல்முறை. “இது பண்ணக்கூடியதுதான். காலியிடப் பட்டியல் எங்ககிட்டயே இருக்கு” என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பையில் வைத்துக்கொண்டார். ஜோதிலட்சுமி அந்தப் பையின் ஜிப் மூடும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு வீரராகவன் நிறைவுரை ஆற்றினார். தொண்டையில் கொஞ்சம் பனி என்று ஆரம்பித்து, ‘ஓர் ஆசிரியர், ஒரு பள்ளி’ என்பது பத்தொன்பது ஆண்டுகளாகத் தன் நெஞ்சில் கனன்றுகொண்டிருந்த கனவு என்றும், அது தன் தலைமையில் நிறைவேறியதைக் காலம் குறித்துக்கொள்ளும் என்றும் சொன்னார். மண்டபத்துப் பெண்கள் தாராளமாகக் கைதட்டினார்கள். இன்றைக்கு எதையும் தாராளமாகக் கொடுக்கிற நிலையில் அவர்கள் இருந்தார்கள்.

“நம்ப கனவத்தான் அவுரு நெஞ்சுல கொளுத்தி வெச்சிருந்தாராம்” என்றாள் ஆரோக்கியமேரி. “பத்தொம்போது வருசமா பொகையே காணோம்.”

“வுடு மேரி. ஃபைலு அவர் பேருல போனா இன்னும் சீக்கிரம் போவும்.”

மங்களம் பாட வேண்டிய நேரம் வந்தது. அது தலைவரின் வேலை. வீரராகவன் பெட்டியை ஒருமுறை பார்த்துவிட்டு ஜோதிலட்சுமியிடம் தலையைச் சாய்த்தார். “நீயே பாடிடும்மா.”

பாடினாள். கடைசி ஸட்ஜத்தோடு சேர்ந்து பரசுராமன் பெட்டியை நிறுத்தினார். ஏழு மணிநேரத்துக்குப் பிறகு வந்த அந்த மௌனத்தில் மேஜை நாற்காலிகளின் சத்தம் பெரிதாகக் கேட்டது. ஆட்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் கிளம்பினார்கள்.

வீரராகவன் மேடைப்படிக்குப் பக்கத்தில் ஜோதிலட்சுமியை நிறுத்தினார். பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டார். மேடைத் தமிழைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினார்.

“நல்லா இருந்துதும்மா. எல்லாம் நல்லா இருந்துது. வேணும்னேதான பண்ண?”

“பதினாலாவது விதி சார்.”

“அது எனக்குத் தெரியாதா.” அவர் கொஞ்சம் யோசித்தார். “மே மாசம் ரிட்டயர்டு ஆனாலும் பேரவைல கௌரவத் தலைவர்னு ஒண்ணு இருக்குது. அடுத்த வருஷமும் நான்தான் வருவேன். அதனால அடுத்த வருஷம் தொடக்கப் பாட்டு...”

“நீங்களே பாடுங்க சார். ஒம்போதரைக்கெல்லாம் வந்துடணும். அப்பதான் சுருதி சேக்க முடியும்.” அவள் கொஞ்சம் இடைவெளி விட்டாள். “என்ன, நாதஸ்வரம் பத்து மணிக்கு மேலதான் வருவாங்க. கொடையும் அதோடதான் வரும்.”

வீரராகவன் வாசல் பக்கம் பார்த்தார். வரவேற்பு வளைவின் கீழே, சுவரில் சாய்த்து வைத்த வெள்ளைக் குடையின் ஜரிகை சாயந்திர வெயிலில் மின்னியது. பரசுராமன் அதை மடக்கத் தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

“சாமரம் கெடைக்குமாம்மா?” என்றார்.

“ரெண்டு பக்கத்துக்கும் சொல்லிடறேன் சார்” என்றாள் ஜோதிலட்சுமி.